கத்தி பிடித்த கை ஊசி பிடிக்கும்போது



சுகாதாரப் பக்கத்தில் நூலும் ஊசியும் எதற்கு என்று கேட்காதீர்கள். இந்த முறை பின்னல் வேலையைப் பற்றித்தான் பேசப் போகிறோம். இப்போது பல வீடுகளில் சாயங்காலமானால் வாசற்படியில் ஒரு நூல் உருண்டை உருளுகிறது. பிள்ளைகள் கைத்தொலைபேசியில் படம் பார்த்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள்; அம்மாமார்கள் கற்றுக்கொள்கிறார்கள். ஒருத்தி காலுறை பின்னுகிறாள், ஒருத்தி பை பின்னுகிறாள், இன்னொருத்தி தன் மகள் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குக் குல்லா பின்னுகிறாள். நானும் பத்து வருஷமாக ஊசி பிடிக்கிறவள்தான். அதனால் இது நல்ல பழக்கம் என்று மனதாரச் சொல்வேன்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. விடியற்காலையில் பால் வெட்டும் கை எதுவோ, உதிரிப்பழம் பொறுக்கும் கை எதுவோ, நாற்றுமேடையில் மண் அள்ளும் கை எதுவோ, அதே கைதான் சாயங்காலம் ஊசியையும் பிடிக்கிறது. நமக்கு வேறு கை கிடையாது. மனதுக்கு ஓய்வு கொடுக்கும் வேலை, கைக்கு இரண்டாவது பெரட்டாக மாறிவிட்டால் என்ன ஆகும்? சோறு போடும் கையே முடங்கிப் போகும். அப்படி ஆகாமல் எப்படிப் பின்னுவது, பின்னியதை யாருக்கு எப்படிக் கொடுப்பது என்பதுதான் இன்றைய பாடம்.

மனதுக்கு என்ன நன்மை?

பின்னல் போடும்போது கை ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று கண்ணி எண்ணுகிற மனம், கடனையும் கவலையையும் அந்த நேரத்துக்காவது எண்ணாது. 2013-ஆம் ஆண்டு பிரிட்டனில் வெளிவரும் தொழில்வழிச் சிகிச்சை இதழொன்றில் ஓர் ஆய்வு வந்தது. பல நாடுகளைச் சேர்ந்த 3,545 பின்னல்காரர்களிடம் கேள்வி கேட்டிருந்தார்கள். அடிக்கடி பின்னுகிறவர்களே அதிக அமைதியும் மகிழ்ச்சியும் அடைவதாகச் சொன்னார்கள். இது பின்னல் பிடித்தவர்களிடமே கேட்டு எழுதியது. ஆகவே பின்னல்தான் மருந்து என்று யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மனம் கனத்துக் கிடக்கிறது, தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று வாரக்கணக்கில் போனால் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கும் ஆஸ்பத்திரிகளில் கூடை முடைதல், நெசவு, பின்னல் போன்ற கைவேலைகளைக் கொடுத்தார்கள். கையும் தேறும், மனமும் தேறும் என்று கண்டார்கள். இன்றைய தொழில்வழிச் சிகிச்சை அப்படித்தான் வளர்ந்தது.

இந்த இடத்தில் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. "அது பொம்பளைங்க வேலைங்க" என்று சிரிக்க வேண்டாம். பெரு நாட்டில் தீத்திகாக்கா ஏரிக்குள் தாக்கிலே என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே குல்லா பின்னுவது ஆண்களின் வேலை. சின்னப் பையன்களாக இருக்கும்போதே கற்றுக்கொள்கிறார்கள். அந்தத் தீவின் துணிக்கலையை 2005-இல் யுனெஸ்கோ சிறப்பித்தது. புகையிலும் போத்தலிலும் போகிற சாயங்காலம் நூலில் போனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஒரு ஜோடி காலுறையில் எத்தனை கண்ணி?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மெல்லிய நூலில், இரண்டரை மில்லிமீட்டர் ஊசியில், பெரியவர் ஒருவருக்குக் காலுறை போட ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 64 கண்ணி வரும். கணுக்காலுக்கு மேலிருந்து விரல் நுனி வரை 160 சுற்று என்று வைத்துக்கொண்டால் 10,240 கண்ணி. இரண்டு காலுக்கும் சேர்த்து இருபதாயிரத்துக்கு மேல். ஒவ்வொரு கண்ணிக்கும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மணிக்கட்டும் ஒரு தடவை அசைய வேண்டும். விடியலில் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி வந்த கைக்கு இது சின்ன வேலை அல்ல.

அதனால்தான் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களிடம் நான் சொல்வது: காலுறையில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் தடித்த நூலில், தடித்த ஊசியில், நேராகப் போகும் ஒரு பையைப் பின்னுங்கள். இரண்டு சதுரத் துண்டு. மூன்று பக்கம் தைத்தால் பை. பிறகு குல்லா. அதற்குப் பிறகுதான் குதிகால் திருப்பும் காலுறை. கை பழகப் பழக இறுக்கம் குறையும். புதுக்கை ஊசியை இறுக்கிப் பிடிக்கும். அந்த இறுக்கம்தான் வலிக்கு விதை.

ஒரு தங்கச்சியின் கதை

பக்கத்து டிவிஷனில் பால் வெட்டுகிற ஒரு சகோதரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். பேர் வேண்டாம். நன்றாகப் பின்னுவாள். ஒரு வருஷம் தீபாவளிக்கு முன்னால் பட்டணத்திலிருந்து ஆர்டர் வந்தது. கைப்பை பன்னிரண்டு, குழந்தைக் காலுறை இருபது ஜோடி. வேலை முடிந்து வந்து, சமைத்து, துவைத்து, இரவு பதினோரு மணி வரை உட்கார்ந்து போட்டாள். தீபாவளி வந்தது, காசும் வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது.

"அக்கா, ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது. கை செத்துப் போன மாதிரி கிடக்கு. உதறுனாத்தான் உசுரு வருது. காலையில கத்தி கையை விட்டு நழுவுது. வாதமா இருக்குமோன்னு பயமா இருக்கு" என்றாள்.

"எந்த விரல் மரக்குது?" என்று கேட்டேன். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றையும் காட்டினாள். சுண்டுவிரலில் ஒன்றுமில்லை என்றாள். எண்ணெய் தடவிக்கொண்டு காத்திருக்க வேண்டாம், அரசாங்க கிளினிக்குக்குப் போ என்று அனுப்பினேன். மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது என்றார் டாக்டர். அதோடு இரத்தமும் எடுத்துப் பார்த்தார்கள். இனிப்புநீர் இருந்தது. அதுவரை அவளுக்குத் தெரியவே தெரியாது.

இது அவள் ஒருத்தியின் கதையல்ல. 2023-ஆம் ஆண்டு எடுத்த தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. அவர்களிலும் ஐந்தில் இரண்டு பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. நம் இந்திய சமூகத்தில் இந்த நோய் இன்னும் அதிகம் என்பதும் ஊரறிந்த உண்மை. கை மரத்துப்போவது, விரல் மடங்கி நிற்பது இரண்டும் இனிப்புநீர்க்காரர்களுக்கு அதிகமாக வரும். ஆகவே கைவலி சில வேளைகளில் இரத்தத்தில் இருக்கும் சர்க்கரை அனுப்பும் தந்தி.

கையில் வரும் மூன்று கோளாறுகள்

முதலாவது, மணிக்கட்டு நரம்பு நசுங்குவது. மணிக்கட்டின் உட்பக்கம் ஒரு சின்னச் சுரங்கம்போல வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் தசைநார்களும் ஒரு நரம்பும் அதற்குள்ளே நெருக்கியடித்துப் போகின்றன. தசைநார் வீங்கினால் நரம்பு நசுங்கும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலில் பாதி ஆகிய இடங்கள் மரக்கும், இரவில் அதிகமாகும். கர்ப்பிணிகளுக்கும், தைராய்டு குறைந்தவர்களுக்கும், இனிப்புநீர்க்காரர்களுக்கும் சீக்கிரம் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

இரண்டாவது, கட்டைவிரல் அடியில் வலி. கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களை அதன்மேல் மூடி, முஷ்டியைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் சுரீரென்று வலிக்கும். 1895-இல் சுவிட்சர்லாந்து டாக்டர் தே கெர்வான் எழுதி வைத்ததால் அவர் பெயரிலேயே இந்த நோயைக் குறிப்பிடுகிறார்கள். கைப்பிள்ளைக்காரிகளுக்கும் இது வரும். பிள்ளையைக் கட்டைவிரலை விரித்துத் தூக்கித் தூக்கி வருவது.

மூன்றாவது, விரல் மாட்டிக்கொள்வது. காலையில் எழுந்தால் ஒரு விரல் மடங்கியே நிற்கும். இன்னொரு கையால் நிமிர்த்தினால் 'டக்'கென்று துப்பாக்கிக் குதிரை மாதிரி விடுபடும்.

இந்த மூன்றுக்கும் ஆரம்பத்தில் வைத்தியம் எளிது. கைக்கு ஓய்வு, இரவில் மணிக்கட்டு மடங்காமல் பிடித்துவைக்கும் பட்டை, தேவையானால் ஊசி மருந்து. காலம் கடத்தினால்தான் தொல்லை. கட்டைவிரல் அடியில் இருக்கும் சதைமேடு வற்றிப்போனால் நரம்பு கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த அளவுக்கு விட்டுவிட்டால் சிறு அறுவைச் சிகிச்சை செய்தாலும் இழந்த பலம் முழுசாகத் திரும்பாமல் போகலாம்.

நம் சகோதரிக்கு இரவுப் பட்டையும் இனிப்புநீர் மாத்திரையும் கொடுத்தார்கள். ஆர்டரை நிறுத்தினாள். வீட்டுக்காரர் துணி துவைப்பதை ஏற்றுக்கொண்டார். ஈரத் துணியை முறுக்கிப் பிழிவதைப்போல மணிக்கட்டைக் கெடுப்பது வேறில்லை. இப்போது அவள் மறுபடியும் பின்னுகிறாள், ஆனால் அளவோடு.

அந்த அளவு எது?

வேலையிலிருந்து வந்தவுடன் ஊசி எடுக்காதீர்கள். குளித்து, சாப்பிட்டு, ஒரு மணி நேரமாவது கை சும்மா கிடக்கட்டும்.

இருபது நிமிஷம் பின்னினால் ஐந்து நிமிஷம் நிறுத்துங்கள். கையைத் தொங்கவிட்டு விரல்களை விரித்து மூடுங்கள். சாமி கும்பிடுவதுபோல் நெஞ்சுக்கு நேரே கைகூப்பி, முழங்கைகளை மெல்ல உயர்த்துங்கள். மணிக்கட்டு இதமாக இழுபடும். வலிக்குமளவு இழுக்க வேண்டாம்.

இரும்பு ஊசியைவிட மூங்கில் ஊசி எடை குறைவு; வழுக்காது; ஆகவே இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. பெரிய வேலை என்றால் நடுவில் கயிறுள்ள வட்ட ஊசி நல்லது. பின்னலின் பாரம் மணிக்கட்டில் தொங்காமல் மடியில் கிடக்கும்.

படியில் கூனி உட்காராதீர்கள். முதுகு சாய ஒரு நாற்காலி, முழங்கை தாங்க ஒரு தலையணை போதும். தலையைக் குனிந்து பார்க்காமல் வேலையைச் சற்று உயர்த்திப் பிடியுங்கள்.

நாற்பது வயதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்குவது இயல்பு. கண்ணாடி போட்டுக்கொள்ளக் கூச்சப்பட வேண்டாம். கறுப்பு நூலை இரவில் எடுக்காதீர்கள். அதைப் பகல் வெளிச்சத்துக்கு வையுங்கள். இனிப்புநீர் உள்ளவர்கள் கண்ணாடிக் கடையோடு நிற்காமல் வருஷம் ஒரு முறை கிளினிக்கில் கண்ணின் உட்புறத்தையும் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

மருந்து அடித்துவிட்டு வந்த கையோடு நூலைத் தொடாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவி, குளித்து, உடை மாற்றிய பிறகே தொடலாம். நூல் பையை வேலைத் துணியோடு சேர்த்து வைக்கவும் கூடாது.

காலுறை: யாருக்கு, எப்படி?

மனிதன் காலுறை போட்ட கதை பழையது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் எகிப்து நாட்டுச் சிவப்புக் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி இருக்கிறது. ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேற்பட்டது. ஒற்றை ஊசியால் செய்தது. கட்டைவிரலுக்குத் தனி அறை, மற்ற விரல்களுக்குத் தனி அறை. வார்ச் செருப்புக்குள் போடுவதற்காக. நம் ஜப்பான் சிலிப்பருக்கும் அது சரியாகப் பொருந்தும்!

காலுறை அழகுக்கு மட்டுமல்ல என்று முதல் உலகப் போர் காட்டியது. 1914 முதல் 1918 வரை பதுங்குகுழிச் சேற்றில் நின்ற சிப்பாய்களின் கால் ஈரத்திலும் குளிரிலும் ஊறி, மரத்து, அழுகியது. பலர் காலையே இழந்தார்கள். காலுறையை மாற்றி உலர்ந்ததைப் போட வேண்டும், காலில் எண்ணெய் தேய்க்க வேண்டும் என்று பட்டாளம் கட்டளை போட்டது. ஊரில் இருந்த பெண்கள் லட்சக்கணக்கில் காலுறை பின்னி அனுப்பினார்கள். குளிர் இல்லாத நம் நாட்டிலும் நாள் முழுவதும் ஈரப் பூட்சுக்குள் ஊறிய பாதம் வெளுத்து, சுருங்கி, வெடித்து வலிக்கும். வெடிப்பு வழியாகக் கிருமி போகும். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் பட்டால் எலிக்காய்ச்சலும் வரலாம். எனவே வேலைக்குப் போகும்போது உலர்ந்த காலுறை ஒரு ஜோடி பிளாஸ்டிக் பையில் கூடவே போகட்டும். சாப்பாட்டு நேரத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

நூல் எது நல்லது? முழுப் பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரத்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொள்ளும். காலுறைக்கென்று விற்கும் நூலில் பெரும்பாலும் 75 பங்கு கம்பளி, 25 பங்கு நைலான் இருக்கும். கம்பளி ஈரத்தைச் சமாளிக்கும். நைலான் குதிகால் தேயாமல் காக்கும். மெல்லியதாகப் போட்டால் நம் வெயிலுக்கும் தாங்கும். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு விடிகாலைக் குளிரில் இதைவிடச் சிறந்த பரிசு இல்லை. மருந்து அடிக்கும் வேலைக்கு மட்டும் கையால் பின்னிய காலுறை வேண்டாம். விஷம் பட்டால் நூல் அதை உறிஞ்சித் தோலோடு வைத்திருக்கும். அந்த வேலைக்குப் போடும் காலுறை எதுவானாலும் அன்றன்றே தனியாகத் துவைக்க வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இனிப்புநீர் இருந்து, பாதம் மரத்திருந்தால், அவர்களுக்குப் பின்னும் காலுறையில் தனிக் கவனம் வேண்டும். மரத்த காலுக்கு வலி தெரியாது. காலுறைக்குள் இருக்கும் ஒரு சின்ன முடிச்சு நாள் முழுக்க அழுத்திக் கொப்புளம் போட்டாலும் அவருக்குத் தெரியாது. கொப்புளம் புண்ணாகி, புண் ஆறாமல், கடைசியில் விரலை எடுக்க வேண்டிய நிலைக்குப் போகும். ஆசையாகப் பின்னியதே ஆபத்தாகிவிடக் கூடாது அல்லவா? ஆகவே:

மேல் விளிம்பைத் தளர்வாக ஆரம்பியுங்கள். கழற்றும்போது காலில் கோடு விழுந்திருந்தால் அது இறுக்கம். இரத்த ஓட்டத்துக்கு நல்லதல்ல.

விரல் நுனியைத் தடித்த தையலாக மூடாமல், கண்ணியோடு கண்ணி சேர்த்துத் தட்டையாக மூடுங்கள். நூல் முனைகளை வெளிப்பக்கமாகச் செருகி முடியுங்கள். முடிச்சு உள்ளே இருக்கவே கூடாது. போட்ட பிறகு உங்கள் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள்.

வெள்ளை, சந்தனம், இளம் மஞ்சள் போன்ற வெளிர் நிறமே நல்லது. இரத்தமோ சீழோ பட்டால் உடனே கண்ணுக்குத் தெரியும்.

ஓட்டை விழுந்தால் அவர்களுக்கு மட்டும் ஒட்டுத் தையல் போடாதீர்கள். அந்த மேடு உறுத்தும். புதிதாகப் பின்னிக் கொடுங்கள்.

சிமெந்துத் தரையிலும் மொசைக் தரையிலும் வெறும் காலுறையோடு நடந்தால் வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள். மேலே செருப்புப் போடச் சொல்லுங்கள். அல்லது அடிப்பாகத்தில் புள்ளி புள்ளியாக வைக்கும் ரப்பர்ப் பசை நூல் கடைகளில் கிடைக்கும். நாம் வெட்டிய பால் எங்கெல்லாமோ போய் நம் வீட்டுக் கிழவரின் காலையும் காப்பாற்றட்டும்.

இரவில் காலுறையைக் கழற்றிவிட்டுப் பாதத்தை விரலிடுக்கு உட்பட தினமும் பாருங்கள். கிளினிக்கில் ஒரு மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்பார்கள். வலிக்காத சோதனை, வருஷம் ஒரு தடவையாவது செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

பை பின்னுகிறவர்களுக்கு

கைப்பின்னல் பை பாரம் ஏற ஏற நீளும். தரையைத் தொடும்வரை தொங்கும். உள்ளே ஒரு துணிப்பை தைத்துவிட்டால் நிற்கும். பிடியை மூன்று விரல் அகலத்துக்குக் குறையாமல் போடுங்கள். மெல்லிய பிடி உள்ளங்கையை அறுக்கும். தோளில் பதிந்து நரம்பை அழுத்தும். கடைக்குப் போய் வரும்போது ஒரே தோளில் எல்லாவற்றையும் மாட்டாமல் இரண்டு பையாகப் பிரித்து இரண்டு கையிலும் தூக்குங்கள்.

பிளாஸ்டிக் வயர் கூடை பின்னுகிறவர்கள் விரல் நுனியில் பிளாஸ்திரி சுற்றிக்கொள்ளுங்கள். வயரை இழுத்து இறுக்குவதில் விரல் அறுபடும், நகக்கண் கிழியும். நூல் பின்னலைவிட இதில் கைக்கு இழுவை அதிகம். ஆகவே ஒரே மூச்சில் ஒரு கூடையை முடிக்கப் பார்க்காதீர்கள்.

குழந்தைக்குக் கொடுக்கும் பரிசு

பேரப்பிள்ளைக்குக் குல்லாவும் காலுறையும் பின்னாத பாட்டி உண்டா? ஆனால் மூன்று விஷயம் நினைவில் இருக்கட்டும். பொத்தான், மணி, ரிப்பன் எதுவும் வேண்டாம். பிய்த்து வாயில் போட்டால் தொண்டையை அடைக்கும், நாடா கழுத்தில் சுற்றும். காலுறைக்குள்ளும் கையுறைக்குள்ளும் தொங்கும் நூல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஓர் இழை பிஞ்சு விரலைச் சுற்றி இறுக்கினால் இரத்தம் போகாமல் விரலே கறுத்துவிடும். பிள்ளை காரணம் தெரியாமல் வீரிட்டு அழுதால் காலுறையைக் கழற்றி விரல்களைப் பாருங்கள். மூன்றாவது, வீட்டுக்குள் தூங்கும் குழந்தைக்குக் குல்லா வேண்டாம். சிசுக்கள் தலை வழியாகத்தான் சூட்டை வெளியே விடுகின்றன. நம் ஊர் வெக்கையில் குல்லா போட்டுத் தூங்கவைத்தால் உடம்பு சூடேறும், அது ஆபத்து. பின்னல் பொம்மையும் தொட்டிலுக்குள் வேண்டாம், விழித்திருக்கும்போது விளையாடட்டும்.

காசுக்குப் பின்னலாமா?

பின்னலாம், நாலு காசு வந்தால் யாருக்கு வலிக்கும்? ஆனால் தேதி குறித்துப் பெரிய ஆர்டர் எடுக்கும்போது யோசியுங்கள். மெதுவாகப் பின்னி வைத்து, இருப்பதை விற்பது ஒரு வழி. நாலைந்து பேர் சேர்ந்து ஆர்டரைப் பங்கு போட்டுக்கொள்வது இன்னொரு வழி. கைக்கூலியையும் கணக்கில் சேர்த்து விலை சொல்லுங்கள். இருபதாயிரம் கண்ணி போட்டுவிட்டு நூல் விலையை மட்டும் வாங்கினால் உங்கள் கை இலவசமாகத் தேய்கிறது என்று அர்த்தம். தோட்டத்தில் நியாயக் கூலி கேட்கிற நாம் வீட்டிலும் நம் கைக்கு விலை வைக்கப் பழக வேண்டாமா?

வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்கிறேன். அம்மா பின்னும் அந்த அரை மணி நேரம் அவளுக்கு ஓய்வாக இருக்க வேண்டுமானால், சட்டியும் துணியும் அவள் ஒருத்திக்காகக் காத்திருக்கக் கூடாது. மகனும் மகளும் கணவரும் ஆளுக்கொன்று எடுத்தால் அவள் கையில் பாதி வலி தானாகக் குறையும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

இரவில் விரல் மரத்து விழிப்பு வந்தால். கையிலிருந்து பொருள் நழுவினால். இரண்டு வாரம் ஓய்வு கொடுத்தும் வலி போகாவிட்டால். விரல் மடங்கி நின்றால். மூட்டு வீங்கிச் சிவந்தால் உடனே போங்கள். ஆனால் ஒரு பக்கத்துக் கையும் காலும் திடீரென்று மரத்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். அதற்குக் கிளினிக் வரிசையில் காத்திராமல் 999-க்குப் போன் செய்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

டாக்டரிடம் "பின்னினேன், வலிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். தினமும் எத்தனை மரம் வெட்டுகிறீர்கள், எத்தனை மூட்டை தூக்குகிறீர்கள், எத்தனை வருஷமாகச் செய்கிறீர்கள் என்று வேலையையும் விவரமாகச் சொல்லுங்கள். பொழுதுபோக்கின்மேல் பழி போட்டுவிட்டு வேலையை மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். 1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொக்சோவில் விபத்துக்கு மட்டுமல்ல, தொழிலால் வரும் நோய்க்கும் இடமிருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுக்கும் தாள்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டு உங்கள் கிளைச் செயலாளரைப் பாருங்கள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். நூல் இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு வாங்கலாம், அறுந்தால் முடிந்துகொள்ளலாம். கை நரம்பை அப்படி முடிய முடியாது. இன்று இரவு ஊசியை எடுக்கும் முன் ஒரு நிமிஷம் விரல்களை விரித்துப் பாருங்கள். மரக்கிறதா, வலிக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் சந்தோஷமாக இருபது நிமிஷம் பின்னுங்கள். ஆமென்றால் ஊசியை வைத்துவிட்டு, நாளைக்குக் கிளினிக் திறக்கும் நேரத்தை விசாரியுங்கள்.